இன்ஜினியர் மனைவி ஏன் படகில் போனாள்?

வாயாடி என்று அவளுக்குப் பெயர் வைத்தவள் சித்தி. சும்மா வைக்கவில்லை. பேச ஆரம்பித்தால் எதிரில் நிற்பவருக்கு மூச்சு விடவும் இடம் தரமாட்டாள். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரியோடு சண்டை பிடித்து, இறங்குவதற்குள் சமாதானமாகி, கையசைத்து விடைபெறுகிற ரகம். அப்படிப்பட்டவள் ஆங்கிலக் கட்டுரை எழுத உட்கார்ந்தால் மட்டும் அந்த அடக்க ஒடுக்கம் எங்கிருந்துதான் வருமோ! வாயில் இருக்கிற காரத்தில் ஒரு துளிகூடத் தாளில் இறங்காது. கைகட்டி நிற்கிற வேறு யாரோ ஒருத்தி எழுதியது போலவே இருக்கும்.

அது பள்ளியின் கடைசி வருடம். எல்லோருக்கும் பொதுவான ஆங்கிலம் ஒன்று. விரும்பியவர்கள் எடுத்துப் படிக்கிற சிறப்பு ஆங்கிலம் இன்னொன்று. பொது ஆங்கிலத்தில் நாலு வாக்கியம் தப்பில்லாமல் எழுதினால் பாஸ். சிறப்பு ஆங்கிலத்தில் ஒரு முழு நாடகத்தையே படித்து, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, அதைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்று எழுத வேண்டும். வாயாடி ஒற்றைக்காலில் நின்று இதைத்தான் எடுத்தாள். கல்லூரியில் இலக்கியம் படிக்க அவளுக்குக் கொள்ளை ஆசை; இந்தப் பாடம் இல்லாமல் அங்கே கதவைக்கூடத் திறக்கமாட்டார்கள். எடுத்தாள், சரி. அன்றைக்கு ஆரம்பித்தது ‘டி’. பிறகு ‘சி’. பிறகு இன்னொரு ‘சி’.

அந்த இரண்டாவது ‘சி’ வந்த மதியம் ஆங்கில மிஸ் அவளை ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டார். மிஸ் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது. கட்டுரையை எடுத்து, அதில் நாடகத்தின் பெயர் வருகிற இடங்களையெல்லாம் சிவப்புப் பேனாவால் அடித்து, மேலே போன வருடம் பாடமாக இருந்த நாடகத்தின் பெயரை எழுதினார்.

"இப்பப் படி" என்றார்.

வாயாடி படித்தாள். ‘இந்த ஒப்பற்ற நாடகம் மனித மனத்தின் ஆழங்களை நமக்குக் காட்டும் கண்ணாடி.’ பொருந்தியது. ‘கதாநாயகியின் பாத்திரம் பெண்மையின் வலிமைக்கு ஓர் எடுத்துக்காட்டு.’ அதுவும் கச்சிதமாகப் பொருந்தியது. கடைசி வரி வரைக்கும் எங்கேயும் இடிக்கவில்லை. அவளுக்குக் காது சுட்டது.

"பாத்தியா? இது எந்தக் கதவுக்கும் போடுற சாவி. அதனால எந்தக் கதவும் திறக்கல" என்றார் மிஸ். "கைடுல இருக்கறதை மனப்பாடம் பண்ணி எனக்கே திருப்பித் தர்ற. அந்தக் கைடை நானும் படிச்சிருக்கேம்மா."

"மிஸ், இனிமே நல்லா..."

"அடுத்த தேர்வு வரைக்கும்தான் நேரம். அதுல ‘பி’க்குக் கீழே வந்தா பொது வகுப்புக்கு மாத்திடுவாங்க. இது நான் எடுக்கற முடிவு இல்ல, பள்ளிக்கூடத்து விதி. அப்புறம் நானே நினைச்சாலும் உன்னைத் திருப்பிக் கூட்டிட்டு வர முடியாது."

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் வாயாடி ஒரு வார்த்தை பேசவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீடு மாடியில், கீழே அம்மாவும் சித்தியும் சேர்ந்து நடத்துகிற அழகு நிலையம். மூன்று சுழல் நாற்காலி, சுவர் நீளத்துக்குக் கண்ணாடி, தலை கழுவுகிற தொட்டி ஒன்று, எந்நேரமும் ஷாம்பு வாசனை. புருவம் திருத்துவதில் அம்மாவை அடித்துக்கொள்ள அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறுமுனையை இரண்டு கை விரல்களிலும் கோத்துக்கொண்டு வேலையில் இறங்கினால் கண் சிமிட்டுவதற்குள் புருவம் வில்லாக நிற்கும். ஒரே ஒரு சிக்கல். நூல் பல்லில் இருக்கிற வரைக்கும் அம்மாவால் பேச முடியாது. அம்மாவுக்கோ பேசாமல் இருக்க முடியாது. மகளுக்கு வாய் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? ஆகவே நூலைப் பல்லிலிருந்து எடுக்கிற ஒவ்வொரு இடைவெளியிலும் நாலு வார்த்தை, மறுபடி நூல், மறுபடி நாலு வார்த்தை. கதை கேட்கிறவர்கள் துடித்துப் போவார்கள்.

மகளின் முகத்தைப் பார்த்ததும் அம்மா துண்டை உதறிவிட்டு வந்தாள். "என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கற?"

வாயாடி எல்லாவற்றையும் கொட்டினாள். சித்தி உடனே, "எதுக்கு இந்த வம்பு? பொது இங்கிலீஷுக்கே போயிடேன். நிம்மதியா ‘ஏ’ வாங்கலாம்" என்றாள்.

"நீ சும்மா இருடி" என்று தங்கையை அடக்கிய அம்மா, மகளிடம் திரும்பினாள். "எனக்கு இங்கிலீஷு ஒண்ணும் தெரியாது. ஆனா கதை புரியும். அந்த நாடகத்தை எனக்குச் சொல்லு பாக்கலாம். கண்ணாடி, ஆழம் எல்லாம் வேணாம். யாரு, என்ன பண்ணினா, அதைச் சொல்லு."

ஈரத் துண்டுகளை மடித்துக்கொண்டே வாயாடி சொன்னாள். ஓர் ஊர், ஓர் ஆறு. பெரிய இன்ஜினியர் ஒருவர் ஆற்றுக்குக் குறுக்கே பாலம் கட்டுகிறார். ஊரே அவரைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறது. ஆனால் பாலத்தில் போட்டது மட்டமான இரும்பு. அது அவருக்கும் தெரியும். ஒருநாள் பாலம் இடிந்து விழுகிறது. பள்ளிக்கூட வண்டி ஒன்று பிள்ளைகளோடு ஆற்றில் போய்விடுகிறது. ஒருவரும் வாய் திறக்காத வழக்கில், இன்ஜினியரின் மனைவியே கூண்டில் ஏறி, ‘என் கணவருக்கு எல்லாம் தெரியும்’ என்று சாட்சி சொல்கிறாள். அங்கே நாடகம் முடிகிறது.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தெய்வம்டி அவ! கட்டின புருஷன்னு பாக்கலியே!"

"தெய்வமாம், தெய்வம்" என்றாள் சித்தி. "வீட்டுக்குள்ள நாலு அறை விட்டுத் திருத்தியிருக்கணும். சோறு போட்டவனைச் சந்தியில நிறுத்தறதா?"

அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. அன்று மாலை தலைமுடி வெட்ட வந்தவர்களும் முகம் கழுவ வந்தவர்களும் இந்த வழக்கில் கட்சி சேராமல் வெளியே போக முடியவில்லை. வாரம் முழுக்க இதே பேச்சு. அம்மா கதை சொல்லச் சொல்ல மெருகேறியது. நாடகத்தில் இல்லாத மாமியார் ஒருத்தியைக்கூட உள்ளே நுழைத்துவிட்டாள். வாயாடிக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்ததே தவிர, மாடிக்குப் போய்ப் பேனா எடுத்தால் பழையபடி ‘இந்த ஒப்பற்ற நாடகம்’தான் வந்து நின்றது. கிழித்துப் போட்டாள். மறுபடி எழுதினாள். மறுபடி கிழித்தாள்.

இந்தச் சமயத்தில்தான் வக்கீலம்மா உள்ளே வந்தார்.

அவர் வக்கீல் இல்லை. தபால் நிலையத்தில் பார்சல் வாங்குகிற கவுண்ட்டரில் வேலை. ஆனால் எதைச் சொன்னாலும் ‘ஆதாரம் என்ன?’ என்று கேட்கிற பழக்கம் உண்டு. அதனால் அந்தப் பெயர். அன்று அவர் கதவைத் திறந்தபோது அம்மா வேறொரு பெண்ணின் புருவத்தில் இருந்தாள். நூலை எடுத்துவிட்டு, "பாவம், புருஷனுக்கு எதிரா கோர்ட்டுல நிக்கப்போறா" என்றாள். மறுபடி நூலைக் கடித்தாள். மீண்டும் எடுத்து, "இன்ஜினியர் பொண்டாட்டிதான். பிள்ளை வேற இருக்கு" என்றாள். வக்கீலம்மா ஆடிப்போய்விட்டார். ‘நாடகம்’ என்ற சொல்லை அம்மா அவர் வருவதற்கு முன்பே சொல்லி முடித்திருந்தாள். "கோர்ட்டு எப்போ?" என்று கேட்டார். அன்று காலைதான் மகள், ‘மூணாவது அங்கம் அடுத்த வாரம் நடத்துவாங்க’ என்று சொல்லியிருந்தாள். அம்மா நூலும் பல்லுமாக, "அடுத்த வாரம்" என்று முனகினாள்.

விஷயம் அதோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை.

சனிக்கிழமை, கடையில் கூட்டம் நெரிகிற நேரம். சித்தி ஒரு வாடிக்கையாளரின் பாதித் தலைக்குச் சாயம் பூசியிருந்தாள். வக்கீலம்மா விறுவிறுவென்று வந்தார். கையில் ஒரு விசிட்டிங் கார்டு.

"இந்தாங்க. என் ஒண்ணுவிட்ட அண்ணன், நிஜ வக்கீல். எல்லாம் பேசிட்டேன். அந்தப் பொண்ணுக்குப் பாதுகாப்பு கேட்டு மனு போடலாமாம். அவ பேரு, போன் நம்பர் குடுங்க, நானே கூட்டிட்டுப் போறேன்."

"எந்தப் பொண்ணு?" என்றாள் அம்மா.

"என்னங்க இப்படிக் கேக்கறீங்க? இன்ஜினியர் பொண்டாட்டி!"

சித்திதான் முதலில் வெடித்தாள். சாயப் பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சாயம் தரையெல்லாம் தெறித்தது. அம்மா சிரிப்பை அடக்கப் பார்த்து, நூல் தொண்டையில் மாட்டி இருமினாள். வாயாடி ஓடிப்போய்ப் புத்தகத்தைக் கொண்டுவந்து, "ஆன்ட்டி, அவங்க இந்த நாடகத்துல வர்றவங்க!" என்று அட்டையைக் காட்டினாள்.

வக்கீலம்மாவின் முகம் சிவந்தது. "நாடகமா? அடிப்பாவிகளா! ஒரு வாரமா எனக்குத் தூக்கம் கிடையாது. கவுண்ட்டர்ல தப்புத் தப்பா முத்திரை குத்தினேன். எங்க அண்ணன்கிட்ட என் மானமே போச்சு!" நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். போய்விடுவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். போகவில்லை. கொஞ்ச நேரம் கண்ணாடியில் தன் முகத்தையே முறைத்துவிட்டுத் திரும்பினார்.

"சரி, நாடகமாவே இருக்கட்டும். எங்க அண்ணன் முதல்ல கேட்ட கேள்விக்கு அதுல பதில் இருக்கா?"

"என்ன கேள்வி?"

"இரும்பு மட்டம்னு அவளுக்கு எப்பத் தெரியும்? பாலம் விழறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

வாயாடி கையிலிருந்த புத்தகத்தைப் புரட்டினாள். "பின்னாடிதான். கோர்ட்டுல அவங்களே சொல்றாங்க, பாலம் விழுந்த அன்னைக்கு ராத்திரிதான் தெரிஞ்சதுன்னு."

"அவ சொன்னா ஆச்சா?" என்றார் வக்கீலம்மா. "ஆதாரம் என்ன?"

அந்தக் கேள்வி வாயாடியைப் பிடித்துக்கொண்டது. மாடிக்கு ஓடினாள். கைடு மேசையிலேயே கிடந்தது, அதை அவள் திரும்பியும் பார்க்கவில்லை. நாடகத்தை முதல் பக்கத்திலிருந்து எடுத்தாள். இதுவரை அழகான வரி எங்கே, அடிக்கோடு போட எது என்று தேடிப் படித்தவள், இப்போது பக்கத்து வீட்டுக்காரியை ஜன்னல் வழியாக நோட்டம் விடுகிற மாதிரி படித்தாள். இவள் எங்கே போகிறாள்? எதற்கு வந்தாள்? ஏன் இப்படிச் சொன்னாள்?

முதல் அங்கம். பாலம் திறந்து சில மாதம் ஆகியிருக்கிறது. இன்ஜினியர் வீட்டில் விருந்து. மனைவி தாமதமாக வருகிறாள். பாவாடை ஓரம் நனைந்திருக்கிறது. ‘என்னம்மா இது?’ என்று வேலைக்காரி கேட்கிறாள். ‘படகில் வந்தேன். ஆற்றுக் காற்று நன்றாக இருந்தது’ என்கிறாள் மனைவி. விருந்தாளிகள் சிரிக்கிறார்கள். நாடகம் அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறது.

வாயாடி நிமிர்ந்து உட்கார்ந்தாள். புருஷன் கட்டிய பாலம் வாசலில் நிற்கிறது. இவள் ஏன் படகில் போகிறாள்?

இரண்டாவது அங்கம். மகன் பள்ளிக்கூட வண்டியில் அக்கரைக்கு விளையாடப் போகக் கிளம்புகிறான். அம்மா தடுக்கிறாள். ‘வண்டியில் போனால் உனக்கு வாந்தி வரும். நீ படகில் போ.’ அந்த வண்டிதான் அன்று பாலத்தோடு விழுகிறது. பையன் பிழைத்துக்கொள்கிறான். கடவுள் காப்பாற்றினார் என்று ஊரே சொல்கிறது. இந்த இடத்துக்குக் கைடு போட்டிருந்த குறிப்பு அவளுக்கு மனப்பாடம்: ‘தாய்ப்பாசத்தின் உச்சம்.’

புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு படிகளில் தடதடவென்று இறங்கினாள்.

"முன்னாடியே தெரியும்! அவங்களுக்கு முன்னாடியே தெரியும்!"

தலையில் சாயத்தோடு உட்கார்ந்திருந்த பெண் உட்பட எல்லோரும் திரும்பினார்கள். வாயாடி இரண்டு இடங்களையும் படித்து, அங்கேயே தமிழில் சொன்னாள். வக்கீலம்மா, "அப்படிப் போடு!" என்று நாற்காலிக் கையில் தட்டினார்.

சித்தி விட்டுக்கொடுக்கவில்லை. இவ்வளவு நாள் அந்த மனைவியைத் திட்டியவள், மற்றவர்கள் திட்ட ஆரம்பித்ததும் கட்சி மாறிவிட்டாள். அவள் சுபாவம் அப்படி. "படகுல போறது ஒரு குத்தமா? எனக்கும்தான் படகு பிடிக்கும். பையனுக்கு வாந்தி வரும்னா அனுப்பாமத்தான் இருப்பாங்க. இதெல்லாம் ஒரு ஆதாரமா?"

"அதானே. வாந்தி உண்மையா இருந்துச்சுன்னா?" என்றாள் அம்மாவும்.

வாயாடிக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் மூளை வேகமாக ஓடுகிற பெண் அவள். பக்கங்களைப் புரட்டினாள். எங்கேயோ படித்தோமே, எங்கேயோ இருக்கிறதே என்று விரல் ஓடியது. கிடைத்தது! முதல் அங்கத்தின் ஆரம்பம். மகன் மாமா ஊரிலிருந்து திரும்பி வருகிறான். நாள் முழுக்க வண்டியில் பயணம். வீட்டுக்குள் நுழைந்ததும் அவன் சொல்கிற முதல் வார்த்தை, ‘அம்மா, பசிக்குது.’

"சித்தி! நாள் பூரா வண்டியில வந்தவன், இறங்கினதும் பசிக்குதுங்கறான். வாந்தி வர்ற பையனா இவன்? வாந்தியே பொய்! வண்டி பாலத்து மேல போகும்னு அவங்களுக்குத் தெரியும், அதான் பிள்ளையப் படகுல அனுப்பினாங்க!"

சித்தி வாயடைத்துப் போனாள். அது லேசில் நடக்கிற காரியம் இல்லை. வக்கீலம்மா எழுந்தே நின்றுவிட்டார். யாரோ கை தட்டினார்கள். வாயாடி புத்தகத்தைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

அப்போது அம்மா மெதுவாகக் கேட்டாள். "அப்ப மத்த பிள்ளைங்க?"

சுற்றிய நாற்காலியை வாயாடி காலால் நிறுத்தினாள்.

"தன் பிள்ளைய மட்டும் படகுல அனுப்பிட்டா. அந்த வண்டியில இருந்த மத்த பிள்ளைங்கள அவ வாசல்ல நின்னு பாத்திருப்பாளே. கை ஆட்டியிருப்பாளே." அம்மா விரலில் கோத்த நூலை அவிழ்த்தாள். "இவளையா நான் தெய்வம்னேன்."

"அதான் கூண்டுல ஏறினா" என்றார் வக்கீலம்மா. "அது வெறும் தைரியம் இல்ல. குத்தம் உறுத்துது."

"ஆனா அங்கயும் தன்னைப் பத்திப் பொய் சொல்லிட்டாங்களே" என்றாள் வாயாடி. "அன்னைக்கு ராத்திரிதான் தெரிஞ்சதுன்னு. புருஷனைப் பத்தி உண்மை, தன்னைப் பத்திப் பொய்."

அம்மா அவிழ்த்த நூலைச் சுருட்டி மேசையில் வைத்தாள். பிறகு மகளின் கன்னத்தில் கை வைத்தாள். "திட்டத்தான் தோணுது. ஆனா ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாத. நானா இருந்தாலும் உன்னை முதல்ல படகுலதான் ஏத்தியிருப்பேன். அப்புறம்தான் மத்தவங்க ஞாபகமே வந்திருக்கும்." யாரிடமும் சொல்லாதே என்று அவள் சொன்னது கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது.

அதற்குப் பிறகு தேர்வு வரைக்கும் அந்த அழகு நிலையம் நீதிமன்றமாகவே நடந்தது. வாயாடி ஒரு கருத்தோடு இறங்கி வருவாள். நாலு பேர் சேர்ந்து அதை அடித்து நொறுக்குவார்கள். அவள் மாடிக்கு ஓடிப்போய் வரியோடு திரும்புவாள். சில சமயம் வரி கிடைக்காது, கருத்தைக் கைவிட வேண்டியதுதான். தோற்றுப்போய் மாடிப்படி ஏறும்போதுகூட அவளுக்கு உற்சாகம் குறையவில்லை. சாப்பிடும்போதும் அதே யோசனை, பல் தேய்க்கும்போதும் அதே யோசனை. மனப்பாடம் செய்யாமலே பாதி நாடகம் நாக்கு நுனியில் நின்றது.

தேர்வு நாள் வந்தது. வினாத்தாளைத் திருப்பினாள். ‘இந்த நாடகத்தில் நேர்மையான ஒரே ஆள் இன்ஜினியரின் மனைவிதான். விவாதிக்கவும்.’

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மேற்பார்வையாளர் முறைத்தார். வாயாடி குனிந்து எழுதினாள். ‘நேர்மையான ஒருத்தி தன் கணவன் கட்டிய பாலத்தில் நடக்கப் பயப்படுவானேன்?’ என்று ஆரம்பித்தாள். ஒப்பற்ற நாடகமும் இல்லை, மனித மனத்தின் ஆழமும் இல்லை. ஒரு கருத்தை எழுதியதும் சித்தி காதுக்குள் வந்து, ‘படகு பிடிச்சா குத்தமா?’ என்றாள், அதற்கொரு பதில். வக்கீலம்மா வந்து ஆதாரம் கேட்டார், அதற்கொரு வரி. ஒரு பெண்ணை இப்படிக் கிழித்துத் தொங்கவிட்டுவிட்டோமே என்று கை தயங்கியபோது அம்மா வந்தாள். ஆகவே கடைசிப் பத்தியில், இந்தத் தாய் செய்ததை நம் வீட்டுத் தாய்மார்களில் எத்தனை பேர் செய்யமாட்டார்கள் என்றும், அவளை வெறுக்க முடியாததுதான் இந்த நாடகத்தின் கொடுமை என்றும் எழுதினாள். இங்கிலீஷில் அவளுக்குப் பெரிய பெரிய வார்த்தை ஒன்றும் அன்று அகப்படவில்லை. சின்னச் சின்ன வார்த்தைகளைத்தான் அடுக்கினாள். மணி அடித்தபோது கை வலித்தது. இன்னும் எழுத இருந்தது.

வெளியே வந்ததும் வகுப்புத் தோழி கேட்டாள். "மனைவிதான் நேர்மைன்னு எழுதின இல்ல?"

"இல்லையே. அவங்க கூண்டுலயே பொய் சொல்றாங்கன்னு எழுதினேன்."

தோழி தலையில் கை வைத்துக்கொண்டாள். "செத்த! மிஸ்ஸே வகுப்புல அவங்களை எவ்வளவு புகழ்ந்தாங்க! கைடுலயும் அப்படித்தானே இருக்கு. கேள்வியே அப்படித்தான் கேட்டிருக்காங்க."

வாயாடிக்கு எழுதும்போது இருந்த தைரியமெல்லாம் பள்ளிக்கூட வாசலிலேயே இறங்கிப் போய்விட்டது. ஊர் முழுக்க ஒரு பக்கம் நிற்க, தான் மட்டும் ஒரு படகைக் கட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் நிற்கிறோமே. அழகு நிலையத்தில் ஜெயித்தால் தேர்வில் ஜெயித்த மாதிரியா? அடுத்த வாரம் பொது வகுப்பில் உட்கார வேண்டியதுதான் என்று மனத்தைத் தேற்றப் பார்த்தாள். தேறவில்லை. அழுகைதான் வந்தது. முதன்முறையாக அந்தப் பாடம் இனிக்க ஆரம்பித்த நேரத்தில்தானா அது கையை விட்டுப் போக வேண்டும்?

விடைத்தாள் தருகிற நாள். மிஸ் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கொடுத்தார். வாயாடியின் தாளை மட்டும் கடைசியில் வைத்திருந்தார். கொடுக்கும்போது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வாங்கி, நின்ற இடத்திலேயே பார்த்தாள். முதல் பக்கத்தில் கிரேடு எதுவும் இல்லை. பக்க ஓரம் முழுவதும் சிவப்பு மை. மேலிருந்து கீழ் வரை மிஸ்ஸின் பொடிக் கையெழுத்து.

‘படகு, சரி. வாந்தி, சரி. ஆனால் இரண்டாம் அங்கத்தில், திருமண நாளன்று மாலை, அவள் கணவனோடு அதே பாலத்தின் மேல் நடந்து போகிறாள். பாலம் விழும் என்று தெரிந்தவள் அதன் மேல் நடப்பாளா? இதை நீ கண்டுகொள்ளவே இல்லை. வேண்டுமென்றே விட்டாயா?’

வாயாடிக்குச் சுருக்கென்றது. வேண்டுமென்றே விட்டேனா! நானா! தேர்வு, விதி, பொது வகுப்பு எல்லாம் ஒரே நொடியில் மறந்துபோயிற்று. "மிஸ், அது அப்படி இல்ல மிஸ்!" என்று புத்தகத்தைப் பிரித்தாள்.

"அப்ப எப்படி?" மிஸ் கையைக் கட்டிக்கொண்டு மேசையில் சாய்ந்து நின்றார். "தெரிஞ்சே போனாங்கன்னா, பயமே இல்லன்னுதானே அர்த்தம்?"

"புருஷன் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறாரு. வரமாட்டேன்னா ஏன்னு கேப்பாரே!"

"அது உன் யூகம். ஆதாரம்?"

வகுப்பே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. வாயாடி பக்கங்களைப் பறக்கவிட்டாள். கன்னம் சிவந்து, மூச்சு வாங்கியது. அந்தக் காட்சியைக் கண்டுபிடித்தாள். விரல் வைத்துப் படித்தாள். இன்னொரு முறை படித்தாள். கண் விரிந்தது.

"மிஸ்! அவங்க நடக்கவே இல்ல. பாருங்க, ‘சீக்கிரம் வாங்க, மழை வரப்போகுது’ன்னு சொல்லி அவரை இழுத்துட்டு ஓடறாங்க. பாலத்தை ஓடித்தான் தாண்டறாங்க!"

"மழை வந்தா யாரும்தான் ஓடுவாங்க."

"மழை வரவே இல்ல மிஸ்!" அவள் குரல் உச்சத்துக்குப் போனது. அடுத்த பக்கத்தைத் திருப்பித் தூக்கிக் காட்டினாள். "அடுத்த காட்சி அதே ராத்திரி. பையன் மொட்டை மாடியில படுத்துக்கிட்டு என்ன சொல்றான்? ‘அம்மா, இன்னைக்கு எவ்வளவு நட்சத்திரம்!’ வானத்துல ஒரு மேகம் கிடையாது!"

வகுப்பில் ஒரே ஆரவாரம். பின் வரிசையில் யாரோ மேசையைத் தட்டினார்கள். மிஸ் புத்தகத்தை அவள் கையிலிருந்து வாங்கி, அந்த இரண்டு பக்கங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அவர் உதட்டோரம் மெல்ல மெல்ல விரிந்து, கடைசியில் வாய்விட்டே சிரித்துவிட்டார்.

"இதை ஏன்டி எழுதல?"

"இப்பதான் மிஸ் தெரிஞ்சது!"

"கடைசிப் பக்கத்தைப் பாரேன்டி!" என்று தோழி பொறுக்க முடியாமல் கத்தினாள்.

வாயாடி விடைத்தாளைத் திருப்பினாள். கடைசி வரிக்குக் கீழே, வட்டத்துக்குள், ஒரு ‘ஏ’. பார்த்தாள். பார்த்துவிட்டுத் தாளை அக்குளில் இடுக்கிக்கொண்டு, மிஸ்ஸின் கையிலிருந்த புத்தகத்துக்குக் கை நீட்டினாள்.

"சரி மிஸ், அது இருக்கட்டும். அப்படின்னா புருஷனுக்கும் அன்னைக்கே இவங்க மேல சந்தேகம் வந்திருக்கணுமே? அவர் ஏன் ஒண்ணுமே கேக்கல? இதுக்குப் பதில் இல்லாம நான் வீட்டுக்குப் போனா எங்க அம்மா என்னைச் சும்மா விடமாட்டாங்க."

"முதல்ல உக்காரு" என்றார் மிஸ், ஜன்னலோரம் இருந்த அவள் இடத்தைக் காட்டி. "இன்னும் பாதி வருஷப் பாடம் பாக்கி இருக்கு. உக்காந்துக்கிட்டே சண்டை போடு."